சம்பளநாள் வரை கடன்காரன்

கடந்த ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பதினான்கு அறைகளும் நிறைந்து, புறாத்தீவுக்குப் போய்வந்தவர்களின் ஈரத் துவாய்கள் விறாந்தை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் விடுதியின் சமையற்காரர் கையைத் துடைத்தபடி வந்து, "அண்ணன், அடுத்த மாத நடுவோட நான் விலகிக்கொள்ளுறன். கட்டாருக்கு விசா வந்திட்டுது" என்றார். "சரி தம்பி, பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, கடற்கரைப் பக்கத்துக் கதவடியில் போய் நின்றேன். திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்தும் எவரும் ஆடி ஆவணியில் சமையற்காரரை இழக்க விரும்பமாட்டார். அந்த இரண்டு மாதங்களில் வருவதை வைத்துத்தான் மாரிகாலம் முழுவதையும் ஓட்டவேண்டும்.

அப்போது என் மனதில் முதலில் எழுந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்ற பழைய வசவுதான். சற்று நேரம் கழித்தே அதிலிருந்த அபத்தம் உறைத்தது. ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டில் சமைத்தவர் அவர், உண்டவன் நான்.

விசுவாசம் என்ற சொல்லை எடுத்தவுடன் தமிழில் சோறும் உப்பும் வந்துவிடுகின்றன. செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். ஊரின் பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் நாங்கள் இதைச் சற்று அதிகமாகவே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இவை ஒருவர் முதலில் அளந்து கொடுக்க, மற்றவர் பிறகு உழைத்துத் தீர்த்த காலத்தின் சொற்கள். மாதச் சம்பளத்தில் வரிசை தலைகீழானது. முதலாம் திகதி வேலைக்கு வருபவர் முப்பது நாள் உழைப்பை முன்னதாகத் தந்துவிட்டு, அதன் பெறுமதிக்காக மாதமுடிவு வரை காத்திருக்கிறார். எங்களுக்கு மீன் கொண்டுவருபவர் அறக்குளாவையும் பாரையையும் தராசில் போட்ட கையோடு காசை வாங்காமல் நகரமாட்டார். அரிசி மொத்த வியாபாரி இரண்டு கிழமைக்கு மேல் கடன் தரமாட்டார். வட்டியும் இல்லாமல், பிணையும் இல்லாமல், ஒரு மாதக் கடன் எனக்குத் தருபவர்கள் என் ஊழியர்கள் மட்டுமே. அவர்களிடமிருந்து விசுவாசத்தை எதிர்பார்க்கும் முன்னர் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான் என்று சொல்லமாட்டேன். அதை நான் வேறோர் இடத்தில், மேசையின் மறுபக்கத்தில் இருந்து கற்றிருந்தேன். முதலாளியானவுடன் மறந்துவிட்டிருந்தேன்.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் தந்த சிறு மூச்சுவெளியில், திருகோணமலை நகரத்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். கொள்முதல், விற்பனை, கடன் பேரேடுகள் எல்லாம் என் கையில் இருந்தன. சம்பளப் பேரேட்டை மட்டும் முதலாளி தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்துபோன மறுநாள், கடையில் வேலை செய்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் அனுப்பிவைத்தவர் அவர். எங்கள் வீட்டில் அந்த அரிசியை ஒரு மாதத்துக்கு மேல் உண்டோம்.

2010இல் வீடு கட்டக் கடன் எடுக்க எண்ணினேன். ஓய்வுக்காலத்துக்கென ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் ஊழியர் சேமலாப நிதியில் இருக்கும் தொகையைப் பிணையாக வைத்து வங்கியில் வீட்டுக்கடன் பெறமுடியும் என்பதால், மீதியை அறிய தொழிற் திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன். என் கணக்கில் முதல் சில மாதங்களின் பணம் மட்டுமே இருந்தது. ஏழு ஆண்டுகளாக என் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் மாதந்தோறும் கழிக்கப்பட்டிருக்கிறது. அதனுடன் முதலாளி சேர்க்கவேண்டிய 12 சதவீதமும் இல்லை, கழித்த எட்டும் இல்லை. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் கட்டவேண்டிய 3 சதவீதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. கடைக்குத் திரும்பிவந்து, ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டேன். அவர் சற்றும் குரலை உயர்த்தாமல், "கடல் வந்த நேரம் உன்ர வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினது ஆர்?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் அவருக்கு எந்த வஞ்சகமும் தெரிந்திருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். கொடையாகக் கொடுப்பதில் அவர் தாராளமானவர். கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதுதான் அவருக்குக் கசந்தது. கொடை கொடுப்பவரை உயரத்தில் வைக்கிறது, கடனைத் தீர்ப்பது இருவரையும் ஒரே தரையில் நிறுத்துகிறது. எங்கள் ஊர் வியாபாரத்தில் நான் பார்த்த எத்தனையோ முதலாளிமார் பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பார்கள், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தங்கள் வாகனத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். ஆனால் ஓவர்டைம் எத்தனை மணித்தியாலம் என்று எழுதிவைக்கச் சொன்னால் முகம் மாறிவிடும். நான் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பாக்கி தவணை தவணையாக வந்தது. அடுத்த வருடம் விலகினேன். நன்றி கெட்டவன் என்று கடைத்தெருவில் எனக்குப் பெயர் விழுந்தது. ஊழியர்கள் ஏன் ஓர் இடத்தை விட்டுப் போகிறார்கள் என்று முதலாளிமார் கூடிக் கதைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாச்சிதான் நினைவுக்கு வரும்.

2013இல் உப்புவெளியில் இருந்த குடும்பக் காணியில் விடுதியைத் தொடங்கியபோது, லாச்சி வைக்கக்கூடாது என்ற ஒரே தீர்மானம்தான் என்னிடம் இருந்தது. சேமலாப நிதிக்குச் செலுத்தியதற்கான சி படிவத்தின் பிரதியை ஒவ்வொரு மாதமும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுவோம். எட்டும் பன்னிரண்டும் மூன்றும் எவ்வளவு என்று பாத்திரம் கழுவும் பெண்ணுக்கும் தெரியும். பணிக்கொடைச் சட்டம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். ஐந்து வருடம் முடித்து விலகுபவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு. நாங்கள் பதினொரு பேர். பதினைந்தாவது ஆளை எடுக்காமல் பதினான்கோடு நிறுத்திக்கொள்ளும் கடைகள் எனக்குத் தெரியும். அந்தப் பதினான்கு பேரும் தாங்கள் ஏன் பதினான்கு பேராகவே இருக்கிறோம் என்பதை அறியாதவர்கள் அல்லர். நாங்கள் அந்த அரை மாதத்தை வருடாவருடம் தனிக்கணக்கில் போட்டு வருகிறோம்.

விடுதித் தொழிலில் இதைவிடக் கூர்மையான விடயம் சேவைக் கட்டணம். சாப்பாட்டுக்கும் அறைக்கும் வரும் பில்லில் 10 சதவீதம் என்று அது சேர்க்கப்படுகிறது. விருந்தினர் அதை ஊழியர்களுக்கென்று நினைத்துத்தான் கொடுக்கிறார். சீசனில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே எட்டிப்பிடிக்கும் மாதங்கள் உண்டு. ஆகவே அதில் என்ன நடக்கிறது என்பதை ஊழியர்கள் சம்பளத்தைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். தட்டு உடைந்ததற்கு அதில் கழிப்பவர்கள் இருக்கிறார்கள், ஜெனரேற்றர் டீசலை அதில் போடுபவர்கள் இருக்கிறார்கள், முதலாளியின் மருமகனுக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். மேசையில் பரிமாறுபவர் எத்தனை பேர் உண்டார்கள், பில் எவ்வளவு என்பதை மனதில் கூட்டிக்கொண்டே நடக்கிறார் என்பதை இவர்கள் எப்படி மறக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பு. நாங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிழமைத் தொகையை எழுதித் தொங்கவிடுகிறோம். முதல் வருடம் ஒருமுறை என் கூட்டலில் பிழை வந்து, தோட்டம் பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து கூட்டலைச் சரிபார்ப்பது அவருடைய வேலையாகிவிட்டது.

இத்தனையும் செய்தாலும் திருகோணமலைக் கடற்கரைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எந்த நிர்வாகப் பாடமும் தீர்த்துத் தராது. எங்கள் சீசன் சித்திரைக்குப் பிறகு தொடங்கிப் புரட்டாதியோடு முடிகிறது. பிறகு வடகீழ்ப் பருவக்காற்று. கடல் கறுத்துக் கொந்தளிக்கும். கார்த்திகை மார்கழியில் நிலாவெளிக் கரையில் நாய்கள்தான் உலாவும். அதே மார்கழியில் தெற்கே உனவட்டுனவிலும் ஹிக்கடுவையிலும் சீசன் ஆரம்பமாகும். "சீசன் முடிஞ்சுது, வீட்டை போய் நில்லுங்கோ, சித்திரைக்குப் போன் எடுக்கிறம்" என்று சொல்லி அனுப்புவதே இங்கே வழக்கம். அனுப்பப்பட்டவர் தெற்கே போகிறார். போனவர்களில் பாதிப்பேர் சித்திரையில் திரும்புவதில்லை, திரும்பவேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை. நாமே ஆறு மாதம் கைவிட்டுவிட்டு, ஏழாவது மாதத்தில் விசுவாசம் இல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

நாங்கள் கண்ட வழி முழுமையானது அன்று. பதினொரு பேரில் ஆறு பேரை மாரியிலும் முழு அடிப்படைச் சம்பளத்தோடு வைத்திருக்கிறோம். அதற்காக, சீசனில் ஒவ்வோர் அறை வாடகையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைக்கிறோம். மாரியில் வேலை இல்லாமல் இல்லை. உப்புக்காற்று கதவுப் பிணைச்சல்களையும் ஏசியின் வெளிப்பெட்டிகளையும் அரித்துவிடும், கிடுகு மாற்றவேண்டும், மெத்தைகளை வெயில் கண்ட நாளில் வெளியே காயப்போடவேண்டும், கிணற்று மோட்டார் எந்த மழைக்கு நின்றுபோகும் என்பது பழைய ஆளுக்குத்தான் தெரியும். புதிதாக ஒருவரை எடுத்தால் சம்பளம் ஒன்றுதான், ஆனால் அந்த மோட்டாரை அவர் அறிந்துகொள்ள இரண்டு மாரி வேண்டும். மற்ற ஐந்து பேரும் இன்னும் சீசன்காரர்கள்தான். அவர்களில் ஒருவர் மார்கழியில் தெற்கே போய் வேலை செய்துவிட்டுச் சித்திரையில் திரும்புகிறார். அதற்கு நானே அங்குள்ள ஒருவரிடம் சொல்லிவைக்கிறேன். மற்ற நால்வருக்கும் நான் செய்திருப்பது போதாது. இரண்டு தரத்து ஊழியர்கள் ஒரே சமையலறையில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிறு காரியங்கள் சில, சம்பளத்துக்குச் சமமாக ஆட்களை நிலைக்கவைத்திருக்கின்றன. எங்களிடம் வேலை செய்பவர்களில் மூன்று பேர் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்கிருந்து வருவதென்றால் துறையைக் கடக்கவே தனி நேரம் போய்விடும். 396 மீற்றர் நீளப் பாலம் அதை மாற்றியது. ஆனால் பாலம் இருந்தாலும் இரவு பஸ் வேண்டுமே. இராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிப் புறப்படும்போது கடைசி பஸ் போயிருக்கும். ஆரம்பத்தில் நல்ல இரண்டு பேர் ஏன் விலகினார்கள் என்று தெரியாமல் இருந்தேன். காரணம் பஸ்தான் என்பதை மூன்றாவது ஆள் சொன்னார். இப்போது பின்னேர முறையில் நிற்பவர்களுக்குப் படுக்கப் பூட்டுடன் ஓர் அறை இருக்கிறது, அல்லது ஆட்டோ பிடித்துக் கொடுக்கிறோம். ஜும்ஆ நேரத்தில் யார் மேசை பார்ப்பது, நோன்பு மாதத்தில் யார் அதிகாலை முறை எடுப்பது, தைப்பொங்கலுக்கும் வெசாக்குக்கும் யார் வீட்டில் நிற்பது என்பதை அவர்களே தங்களுக்குள் எழுதிக்கொண்டு வந்து தருவார்கள். நான் அதில் கைவைத்த ஒரே ஒரு தடவை சண்டையில் முடிந்தது.

பணம் இரண்டாம் பட்சம், மரியாதைதான் முக்கியம் என்று சொல்லும் முதலாளிமாரை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அவர்கள் இரண்டையும் கொடுப்பதில்லை. 2016இல் சட்டமாகிய தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 10,000 ரூபாய். அது 2025 ஏப்ரலில் 27,000 ஆகியது, 2026 ஜனவரி முதல் 30,000 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியதையும், அந்த வருடம் அரிசி விலையும் மா விலையும் போன போக்கையும் பார்த்தவர்களுக்கு, இந்தத் தொகையில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும் என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட படையை நிரப்பிவைக்க 52,000 பேரை எடுக்கவேண்டியிருந்தது. அவ்வளவு வேகத்தில் ஆட்கள் விலகினார்கள். 1914 ஜனவரியில் அவர் நாட்கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி ஐந்து டொலர் என்றார், வேலைநேரத்தையும் ஒன்பதிலிருந்து எட்டு மணித்தியாலமாகக் குறைத்தார். ஆட்கள் நிலைத்தார்கள். இந்தக் கதையை மேடைகளில் சொல்பவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. அந்த ஐந்து டொலரை முழுதாகப் பெறத் தகுதியானவர்தானா என்று பார்க்க, தொழிலாளியின் வீடு தேடிப்போய், அவர் குடிக்கிறாரா, வீடு துப்புரவாக இருக்கிறதா, காசு சேமிக்கிறாரா என்று விசாரிக்க ஒரு தனிப் பிரிவையே ஃபோர்ட் வைத்திருந்தார்.

அதிகமாகக் கொடுத்த கை வீட்டு வாசலுக்குள்ளும் நீள்வது எங்களுக்கும் புதிதில்லை. நம் ஊரில் அது முற்பணம் என்ற பெயரில் நடக்கிறது. தங்கையின் கலியாணத்துக்கு முதலாளி மூன்று லட்சம் கொடுப்பார். மாதம் ஐயாயிரம் கழிப்பார். ஐந்து வருடத்துக்கு அந்தப் பெடியன் எங்கும் அசையமுடியாது. 'எங்கட பெடியன், விட்டுப் போகமாட்டான்' என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். கடனால் கட்டிப்போட்டவரின் அசையாமையை விசுவாசம் என்று அழைத்துக்கொள்வது வசதியாகத்தான் இருக்கும். நாங்களும் முற்பணம் கொடுக்கிறோம், கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் விலகுகிறவர் மீதியைப் பிறகு தவணையில் தரலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இதுவரை இரண்டு பேர் தரவில்லை. ஏழு பேர் தந்திருக்கிறார்கள், ஒருவர் டுபாயிலிருந்து.

2022இல் மாத்திரம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து நாட்டை விட்டுப் போனார்கள். கட்டார்ச் சம்பளத்தோடு உப்புவெளிச் சம்பளம் போட்டி போடமுடியாது; போட முயல்வதாகப் பாசாங்கு செய்வதிலும் அர்த்தமில்லை. என் கையில் இருப்பது, போகிறவரை எப்படி அனுப்புகிறேன் என்பது மட்டும்தான். கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பது, சேவைச் சான்றிதழுக்கு நாலுமுறை அலையவிடுவது, சேமலாப நிதி எடுக்கும் படிவத்தில் கையெழுத்திடத் தாமதிப்பது ஆகிய மூன்றும் எங்கள் நகரத்தில் சாதாரணமாக நடப்பவை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் மிச்சமாக இருக்கும் ஊழியர்கள். தங்கள் முறை வரும்போது என்ன நடக்கும் என்பதை அவர்கள் அங்கேதான் படித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே அன்று பின்னேரம் சமையற்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதைத்தேன். ஆவணி நடுவரை நின்று, உதவியாளராக இருந்த பெடியனுக்கு நண்டுக்குழம்பும் இடியப்பக் கொத்தும் காலைப் பொதிகளும் கைவரச் செய்துவிட்டுப் போவதாகச் சொன்னார், அப்படியே செய்தார். அவர் புறப்படுவதற்கு முதல் கிழமை, பணிக்கொடைக் கணக்கைப் போட உட்கார்ந்தேன். 2019 தொடக்கத்தில் சேர்ந்தவர். சேர்ந்த சில மாதங்களில் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள். சீசனே இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம் கொரோனா. ஆறு வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் என்று எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டியபோது 2020 வைகாசி வந்தது.

அந்த வைகாசியில், வேலைக்கு அழைக்க முடியாத ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது கூடியதோ அதைக் கொடுக்கலாம் என்று அரசும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டிருந்தன. நானும் அதன்படியே ஐந்து மாதம் கொடுத்தேன். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஐந்து மாதமும் இவர் வீட்டில் இருக்கவில்லை. யாரும் கேட்காமலே மூதூரிலிருந்து வந்து, பூட்டிக்கிடந்த விடுதியின் தண்ணீர்த் தாங்கியைக் கழுவி, குளிர்பெட்டிகளை ஓடவிட்டு நிறுத்தி, கரையான் பிடித்த சமையலறை அலுமாரியைப் பிரித்துக் கட்டினார். பேரேட்டில் அவருடைய பெயருக்கு நேரே பாதித்தொகையும் என் கையெழுத்தும் மட்டும் இருந்தன. மறுபாதி எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. அதை இப்போது எழுதினேன். 2020இன் ரூபாயிலா இன்றைய ரூபாயிலா என்று கொஞ்ச நேரம் யோசித்து, இன்றைய சம்பளத்தின்படியே போட்டேன்.

சனிக்கிழமை காலை பயணப்பையோடு வந்தவரிடம் உறையையும் கணக்குத் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் முதலில் தாளைத்தான் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது என்ன காசு, அண்ணன்?" என்று கேட்டார். சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப அந்த நேரம் அரைச் சம்பளம் எடுத்த மற்ற நாலு பேருக்கும் எப்ப?" என்றார்.

அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு, 2020ஆம் ஆண்டுப் பேரேட்டை மேசைக்கு எடுத்து வைத்தேன். தோட்டம் பார்ப்பவரையும் கூப்பிட்டேன், கூட்டலைச் சரிபார்க்க.